பழைய காரின் பெல்ஹவுசிங் அடிமூடியை நாமே செய்து பூட்டுவது

பழைய கார் ஒன்றைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்க்கிறீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல்ஹவுசிங் என்ற மணி வடிவக் கூட்டுக்குள், ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) பற்கள் பளிச்சென்று தெரிகின்றனவா? தெரியக்கூடாது. அங்கே ஒரு தகட்டு மூடி இருந்திருக்க வேண்டும். எப்போதோ கிளட்ச் வேலை பார்த்தவர் அதைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார், திரும்பப் பூட்டும் நேரத்தில் இரண்டு போல்ட் காணாமல் போயிருக்கும், இது இல்லாமலும் வண்டி ஓடும் என்று விட்டிருப்பார். உண்மைதான், ஓடும். ஆனால் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் மணலும் நேராக கிளட்சுக்குள் போகும். ஈரம் புகுந்த வண்டி சில வாரம் அசையாமல் நின்றால், கிளட்ச் தட்டு துருவோடு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னக் கல் ரிங் கியருக்கும் (ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம்) ஹவுசிங்குக்கும் நடுவில் மாட்டினால் வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அப்புறம் மூடி இல்லாமல் ஓட்ட மாட்டார்கள்.

பழைய மாடல்களுக்கு இந்த மூடி கடையில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் பாதி நேரம் வளைந்ததும் துருத் தின்றதுமாகத்தான் வரும். செய்வதோ கஷ்டமான வேலையே இல்லை, ஒரு முழு நாள் இருந்தால் போதும். அந்த நாளில் பாதிக்கு மேல் அட்டையோடும் பென்சிலோடும் போக வேண்டும், அவ்வளவுதான். தகட்டில் நேராகக் கை வைத்தவர்கள் எல்லோரும் இரண்டாவது மூடியும் செய்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

முதலில் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் வண்டியில் காணாமல் போனது எந்த வகை? மூன்று வகை உண்டு. முதலாவது வெறும் தூசு மூடி. பெல்ஹவுசிங்கின் அடிப்பக்கம் திறந்திருக்கும், அதை அரைவட்டத் தகடோ சின்னத் தொட்டி மாதிரி வளைத்த தகடோ நான்கைந்து சின்ன போல்டுகளில் மூடியிருக்கும். இந்தக் குறிப்பு அதற்குத்தான். இரண்டாவது, எஞ்சின் பிளாக்குக்கும் பெல்ஹவுசிங்குக்கும் நடுவில் சிக்கி நிற்கும் தகடு. பெரிய போல்டுகள் எல்லாம் அதை ஊடுருவிப் போகும். அதன் பருமன் மாறினால் கியர்பாக்ஸ் முன்னேயோ பின்னேயோ நகர்ந்துவிடும், ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம் ரிங் கியரோடு சேரும் ஆழம் மாறும், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி எஞ்சினின் கிராங்க் தண்டு முனையிலுள்ள புஷ்ஷில் உட்காரும் அளவும் மாறும். அதைச் செய்வதென்றால் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரால் பருமனை அளந்து, அதே பருமனில், சமதளமான தகட்டில், பிசிறு ஒரு துளி இல்லாமல் வெட்ட வேண்டும். ஹவுசிங்கின் நடுத்துளை கிராங்கோடு 0.13 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அளவுக்கு நுணுக்கம் பார்க்கும் இடத்தில் துளை ஓரத்துப் பிசிறு ஒன்றே முகத்தைச் சாய்த்துவிடும். அதற்கு லேசர் வெட்டுதான் சரி, கத்தரியும் சுத்தியலும் வேண்டாம். மூன்றாவது வகை, வார்ப்பில் செய்த கனமான அடிமூடி. எண்ணெய்த் தொட்டியையும் கியர்பாக்ஸையும் இழுத்துக் கட்டி விறைப்பு கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. அதன் இடத்தில் தகடு போட்டால் பார்க்க மூடிய மாதிரி இருக்கும், அதன் வேலையைச் செய்யாது. அதற்கு வார்ப்பு மூடியைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தகடு மண்ணையும் தண்ணீரையும் தடுக்கும், வெடித்துச் சிதறும் ஃப்ளைவீலைத் தடுக்காது. பந்தயத்துக்கு ஓட்டும் வண்டி என்றால் அதற்கென்று கனமான எஃகில் செய்த பாதுகாப்பு ஹவுசிங் தனியாக உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடியில் போகும் முன்

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், இதை ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், ஆயிரத்து ஒன்றாக நானும் சொல்கிறேன். அப்புறம் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். விரல் ரிங் கியரின் பக்கத்தில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

திறந்த ஹவுசிங்குக்குள் கறுப்பாகப் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய கிளட்ச் தட்டுகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வழக்கம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999-இல்தான். அதனால் பழைய வண்டி என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகமூடி போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரமாகவே பையில் கட்டிவிடுங்கள். கிளட்ச் தட்டின் மேல் மட்டும் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

மூடி உட்காரும் ஓரத்தைச் சுரண்டி சுத்தம் செய்யுங்கள். அலுமினிய ஹவுசிங் என்றால் மர ஆப்போ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும், உளி வைத்தால் கீறல் விழும். போல்ட் துளைகளைப் பாருங்கள், மண்ணும் பழைய எண்ணெயும் அடைத்திருக்கும். சரியான டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றைக் கையால் மெதுவாக ஓட்டி எடுங்கள். 'சரியான' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய வண்டிகளில் மரை ஒரு தலைவலி: கால் அங்குல போல்டிலேயே யூ.என்.சி. என்ற மரைத் தரம் என்றால் அங்குலத்துக்கு 20 மரை, யூ.என்.எஃப். என்றால் 28, பி.எஸ்.எஃப். என்றால் 26. பி.எஸ்.டபிள்யூ.வும் 20தான், ஆனால் மரையின் கோணம் 55 டிகிரி, யூ.என்.சி.யில் 60. கையில் இரண்டு சுற்று போய்விட்டதே என்று ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை மாவாக வந்துவிடும். மரை அளவி ஒன்று கையில் இருக்கட்டும்.

அட்டை

பழைய மூடி கையில் இருந்தால் அதை அப்படியே பிரதி எடுக்கத் தோன்றும். வேண்டாம். அது கல்லில் இடித்து, யாரோ நெம்பி, இழுத்துப் பூட்டி உருமாறிய தகடு. அதிலிருந்து எடுக்க வேண்டியவை சில தகவல்கள்தான்: தகட்டின் பருமன், எந்தப் பக்கம் மடிப்பு, வடிகால் துளை எங்கே, ஜன்னல் ஏதும் இருந்ததா என்பவை. அளவை ஹவுசிங்கிலிருந்து எடுங்கள். வார்ப்பு வளைந்திருக்காது.

கொஞ்சம் தடித்த தாள் ஒன்றை ஹவுசிங்கின் ஓரத்தில் பிடித்து, எண்ணெய் பட்ட கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேயுங்கள். ஓரத்தின் விளிம்பும் துளைகளின் வட்டமும் தாளில் பதிந்துவிடும். சுத்தியலால் தட்டி விளிம்பு எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, வார்ப்பின் மேல் அது வேண்டாம். அந்தத் தாளை அட்டையில் ஒட்டி வெட்டி, திரும்ப மேலே பிடித்துப் பார்த்து, அதிகமாக இருக்கும் இடத்தை வெட்டி, குறைந்த இடத்தில் துண்டு ஒட்டி, இப்படி மூன்று நான்கு முறை போய் வந்தால்தான் அட்டை ஹவுசிங்கோடு ஒத்துப்போகும். இடது பாதியை வரைந்து மடித்து வலது பாதி வெட்டும் குறுக்குவழி இங்கே செல்லாது. ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கம் ஹவுசிங் பெரும்பாலும் புடைத்திருக்கும், துளைகளும் ஒரே தூரத்தில் இருக்காது. அப்புறம் அட்டையில் பெரிய எழுத்தில் 'எஞ்சின் பக்கம்', 'இடது', 'வலது' என்று எழுதிவிடுங்கள். அச்சு அசலாக, ஒரு குறையும் இல்லாமல், கண்ணாடிப் பிம்பமாக ஒரு மூடி செய்தவன் நான். அது இன்றும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

துளைகளின் இடத்தை அளவுகோலால் அளந்து தகட்டுக்கு மாற்றினால் ஒன்றாவது விலகிப்போகும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அதே மரையுள்ள நான்கைந்து பழைய போல்டுகளின் தலையை வெட்டுங்கள். தண்டை ட்ரில்லில் பிடித்துச் சுற்றவிட்டு, அரத்தால் நுனியைக் கூராக்குங்கள், கூர்முனை சரியாக நடுவில் வந்துவிடும். மறு முனையை அப்படியே ஹவுசிங் துளைக்குள் திருகி, கூர்முனை மட்டும் 2 மி.மீ. வெளியே நீட்டும்படி விடுங்கள். தகட்டை இடத்தில் பிடித்துக் கொட்டாப்புளியால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தட்டு தட்டினால் எல்லாத் துளையின் மையமும் தகட்டில் புள்ளியாக விழும். கூர்முனையின் அடியில் இரண்டு பக்கம் சின்னத் தட்டையாக அரம் போட்டு வைத்தால் கொறடால் பிடித்துக் கழற்ற வசதி. இதைக் கடைசியில், தகடு வளைந்து முழு உருவம் வந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஏன் என்று பின்னால் வரும்.

அட்டை முடிந்ததும் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ரிங் கியரின் வெளி விளிம்பிலிருந்து மூடி வரப்போகும் இடம் வரை 5 மி.மீ. இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே வர விடாதீர்கள். ஃப்ளைவீல் முழு வட்டமாக ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், பழைய ரிங் கியர் லேசாகக் கோணியும் இருக்கலாம், மூடித் தகடும் வேகத்தில் துடிக்கும்.

எந்தத் தகடு

குளிர் உருட்டு எஃகுத் தகடு, 1.2 மி.மீ., அதாவது சுமாராக 18 கேஜ். பெரும்பாலான தூசு மூடிகளுக்கு அது போதும். 0.8-க்குப் போனால் தகர டப்பா மாதிரி அதிரும், 1.6 எடுத்தால் உறுதிதான், ஆனால் கையால் விளிம்பு மடிக்கும்போது தோள் வலிக்கும். கறுப்புச் செதில் உள்ள சூடு உருட்டுத் தகடும் ஆகும், செதிலை உரிக்கும் வேலை கூடுதல். துத்தநாகம் பூசிய தகடு துருப்பிடிக்காதே என்று ஆசையாக இருக்கும். வெல்டிங் செய்தால் அதன் புகை காய்ச்சலும் நடுக்கமும் கொடுக்கும். வெல்டிங்கே இல்லாத சாதாரண மடிப்பு மூடி என்றால் மட்டும் அதை எடுங்கள்.

அலுமினியம் பலருக்குப் பிடிக்கும். 3003 மாதிரியான மென்மையான வகை என்றால் அழகாக வளையும். 6061-டி6 மாதிரி கடினப்படுத்திய தகட்டைக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். மென்மையாக்க வேண்டுமென்றால் சோப்பைத் தேய்த்து அடியிலிருந்து சூடு காட்டி, சோப்பு கறுத்ததும் நிறுத்தும் பழைய முறை ஒன்று இருக்கிறது, நன்றாக வேலை செய்யும். ஆனாலும் கல்லடி படும் இடத்துக்கு என் ஓட்டு எஃகுக்கே.

வெட்டு, மடிப்பு

அட்டையைத் தகட்டில் வைத்து ஊசிமுனையால் கீறுங்கள், மார்க்கர் கோடு ஒரு மி.மீ. அகலம் இருக்கும். மடிக்க வேண்டிய கோட்டைக் கீறாமல் பென்சிலால் போடுங்கள், கீறல் இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். உள்மூலை வரும் இடங்களில் முதலில் 4 மி.மீ. துளை போட்டு, அதுவரைக்கும்தான் வெட்ட வேண்டும். கூர்மையான உள்மூலை அதிர்வில் கிழியும். சுற்றிலும் 5 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

மடிக்கும்போது தகடு எவ்வளவு நீளம் எடுக்கும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. 1.2 மி.மீ. தகட்டை 1.5 மி.மீ. உள் ஆரத்தில் 90 டிகிரி மடித்தால், வெளி அளவுகளின் கூட்டலிலிருந்து சுமார் 2.2 மி.மீ. கழிக்க வேண்டும். ஆனால் உங்கள் வைஸும் உங்கள் கட்டையும் என்ன ஆரம் கொடுக்கும் என்று எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீற்று வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு கால்களின் வெளி அளவையும் அளந்து கூட்டுங்கள். 102 வந்தால் உங்கள் கழிவு 2. இந்த ஐந்து நிமிடச் சோதனை ஒரு முழுத் தகட்டை மிச்சப்படுத்தும். மடித்த தகடு கொஞ்சம் பின்வாங்கும், 90 வேண்டுமென்றால் 92, 93 வரை தள்ளி விடுங்கள்.

நேர் மடிப்புக்கு இரண்டு ஆங்கிள் இரும்பு நடுவில் தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, மேலே ஒரு மரக்கட்டை வைத்துக் கட்டையின் மேல் அடியுங்கள். தகட்டில் நேராகச் சுத்தியல் போட்டால் விளிம்பு அலையலையாக நீளும், அப்புறம் அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

இனி அரைவட்ட விளிம்பு. வேலையின் ருசியே இங்கேதான், தவறும் இங்கேதான் நடக்கும். வட்டத்தின் வெளி ஓரத்தை மடிக்கும்போது நீளமான ஓரம் சின்ன வட்டத்துக்குள் அடங்க வேண்டும், உலோகம் சுருங்க வேண்டும், சுருங்க இடமில்லாமல் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக எழும்பும். உள்வளைவில் நேர்மாறு: ஓரம் நீள வேண்டும், மெலிந்து கிழியப் பார்க்கும். மடிப்பு 8, 10 மி.மீ. மட்டும் என்றால் மர அச்சு வைத்துக் கையாலேயே செய்யலாம். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் மூடியின் உள் உருவத்தை, தகட்டின் பருமனைக் கழித்து, வெட்டி, மடிப்பு வரும் ஓரத்தை 2 மி.மீ. உருட்டி விடுங்கள். அதே உருவத்தில் இன்னொரு பலகை மேலே. நடுவில் தகடு, மூன்றையும் போல்ட் போட்டு இறுக்கி வைஸில் பிடித்து, நைலான் சுத்தியலாலோ கொட்டாப்புளியாலோ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து டிகிரி மட்டும் சாய்த்துக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் 90 வரை அடித்து முடித்துவிட்டு அடுத்த இடம் போனால் கொசுவம் நிச்சயம். எழும்பும் சின்ன அலையை நுனியிலிருந்து உள்நோக்கி, மெதுவாக, இரண்டு பக்கமிருந்தும் தட்டி அடக்குங்கள். அடங்கவில்லை என்றால் பலகையிலிருந்து கழற்றி, அந்த இடத்தை மட்டும் டார்ச்சால் சிவக்கவைத்துத் தட்டினால் சொல்பேச்சு கேட்கும்.

விளிம்பு 20, 30 மி.மீ. என்று ஆழமாக இருந்தால், அதாவது தொட்டி மாதிரி மூடி என்றால், மடிக்கும் வீரத்தை விட்டுவிடுங்கள். முகத்தைத் தனியாகவும் விளிம்பைப் பட்டையாகவும் வெட்டி வெல்டிங்கில் சேர்ப்பதே புத்திசாலித்தனம். பட்டையின் நீளத்தைத் தகட்டின் நடுக்கோட்டு ஆரத்தில் கணக்கிட வேண்டும். உதாரணமாக வெளி ஆரம் 160 மி.மீ., தகடு 1.2 என்றால் நடு ஆரம் 159.4. அரைவட்டத்துக்கு அதை 3.1416-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 501 மி.மீ. இரண்டு முனையிலும் 10 மி.மீ. கூட வைத்து வெட்டி, ஏதாவது குழாயிலோ பழைய கேஸ் சிலிண்டர் போன்ற உருளையிலோ கையால் சுற்றி வளைத்துக்கொண்டு, பிறகு முனையைச் சரிசெய்யுங்கள். காலியான சிலிண்டராக இருந்தாலும் அதன் மேல் சுத்தியல் வேண்டாம், வளைப்பது கையால் மட்டும்.

வெல்டிங்கை வண்டிக்கு வெளியே செய்யுங்கள். 'இடத்திலேயே வைத்து இரண்டு டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்துவிடலாம்' என்ற எண்ணம் ஒருமுறையாவது வரும். மின்னோட்டம் எர்த்துக்குப் போகும் வழியில் பேரிங்குகள் இருந்தால் அவற்றில் பொறி வைத்துவிட்டுப் போகும், ஹவுசிங்குக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் தூசு வேறு இருக்கிறது, தீப்பிடிக்க அது போதும். மேசையில் வைத்து 25 மி.மீ.க்கு ஒரு டேக், இடது முனையில் ஒன்று, வலது முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறிப் போடுங்கள். பின்னால் தடித்த செம்புத் துண்டு பிடித்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும், துளையும் விழாது. மிக் (கம்பி ஊட்டும் வெல்டிங்) என்றால் 0.6 மி.மீ. கம்பி. முழு நீளமும் ஒரே ஓட்டமாக ஓட்டினால் தகடு அப்பளம் மாதிரி வளையும். இந்த மூடி எண்ணெயைப் பிடித்து வைக்கும் பாத்திரம் இல்லை, நெருக்கமான டேக்குகளும் இடையில் சின்னச் சின்ன ஓட்டமும் போதும்.

பாடும் மூடி

என் முதல் மூடி அளவில் சரியாக இருந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது, ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம். கிளட்ச் பேரிங் போய்விட்டது என்று நினைத்து கியர்பாக்ஸையே இறக்கப் பார்த்தேன். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டியதும் நின்றது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வலுவான அதிர்வு வரும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது நொடிக்கு 100. சமதளமான மெல்லிய தகட்டின் இயல்பான அதிர்வும் அதன் பக்கத்தில் விழுந்தால் அது மேளத்தோல்தான். மருந்து, தகட்டில் ஒரு வரிப்பள்ளம். பட்டறையில் வரிப்பள்ளம் போடும் பீட் ரோலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு பட்டை இரும்பை 11 மி.மீ. இடைவெளியில் பலகையில் திருகி, அதன் மேல் தகட்டை வைத்து, 8 மி.மீ. உருண்டைக் கம்பியை இடைவெளிக்கு நேராகப் பிடித்து, கம்பியின் மேல் அடித்துக்கொண்டே போங்கள். 3 மி.மீ. ஆழம் போதும். இரண்டு வரி போட்ட அதே தகட்டைக் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், வேறு தகடு மாதிரி இருக்கும்.

பள்ளம் போட்டால் சுற்றியுள்ள தகடு உள்ளே இழுபடும், ஓரம் ஒரு மி.மீ. வரை நகரும். துளையைக் கடைசியில் போடச் சொன்னதும், வெட்டும்போது கூடுதலாக விடச் சொன்னதும் இதற்குத்தான். வரிசை இப்படி: சுமாராக வெட்டு, வரிப்பள்ளம், மடிப்பு, வெல்டிங், ஓரத்தை அளவுக்கு வெட்டி அரம், பிறகு கூர்முனைகளால் துளை குறிப்பது. பள்ளம் எந்தப் பக்கம் புடைக்க வேண்டும் என்று அடிக்கும் முன் யோசியுங்கள். வெளிப்பக்கம். உள்ளே புடைத்தால் ஃப்ளைவீலுக்கு விட்ட இடத்தில் 3 மி.மீ.யை அது சாப்பிட்டுவிடும்.

துளைகள்

குறித்த புள்ளியில் 3 மி.மீ. துளை, பிறகு படி ட்ரில் (படிப்படியாகத் தடிக்கும் கூம்பு பிட்). சாதாரண ட்ரில் பிட் மெல்லிய தகட்டை முக்கோணமாகத் துளைக்கும், வெளியேறும் நேரத்தில் தகட்டைப் பிடித்துச் சுழற்றும், கையில் பிடித்திருந்தால் விரல் போகும். மரக்கட்டையின் மேல் கிளாம்ப் போட்டே செய்யுங்கள். எம்6 (6 மி.மீ.) போல்டுக்கு 6.6, எம்8-க்கு 9, கால் அங்குலத்துக்கு 7, 5/16-க்கு 8.5 மி.மீ. ஒரு துளை கொஞ்சம் விலகினால் நீள்வட்டமாக அரம் போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாத் துளையையும் நீள்வட்டமாக்க வேண்டி வந்தால் மட்டும் அட்டைக்குத் திரும்புங்கள்.

வடிகால் துளையை மறக்கக் கூடாது. மூடியின் மிகத் தாழ்ந்த இடத்தில் 6 முதல் 8 மி.மீ. பழைய எஞ்சின்களின் பின்பக்க சீல் கொஞ்சமாவது கசியும், கியர்பாக்ஸின் முன் சீலும் அப்படியே. அந்த எண்ணெய்க்கு வெளியே போக வழி இல்லாவிட்டால் மூடியில் தேங்கி, ஃப்ளைவீல் அதை வாரி கிளட்ச் தட்டில் பூசிவிடும். துளை மண்ணால் அடையாமல் இருக்க அதில் ஒரு ஸ்பிளிட் பின்னைத் தளர்வாகத் தொங்கவிட்டால், ஓடும்போது ஆடி ஆடித் தானே துளையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், பழைய காலத்துப் புத்தி, நல்ல புத்தி. பழைய லேண்ட் ரோவர்களில் இந்தத் துளைக்கு ஒரு திருகு மூடி தனியாகக் கொடுத்தார்கள், ஆழமான தண்ணீரில் இறங்கும்போது மட்டும் திருகி, வெளியே வந்ததும் கழற்றிவிட வேண்டும். அதே காரணத்துக்காக மூடியின் ஓரத்தில் சிலிக்கான் பூசி முழுக்க அடைப்பதும் வேண்டாத வேலை.

ஃப்ளைவீலில் டைமிங் குறி (தீப்பொறி நேரத்தைச் சரிபார்க்கும் அடையாளம்) உள்ள வண்டிகளில் அதைப் பார்க்கும் ஜன்னல் மூடியில் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் புதியதிலும் வெட்டி, ரப்பர் அடைப்பு போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் டைமிங் பார்க்க மூடியைக் கழற்றுவீர்கள், நான்காவது முறை திரும்பப் பூட்ட மாட்டீர்கள், கதை ஆரம்பித்த இடத்துக்கே வரும்.

பூட்டிப் பார்ப்பது

பெயிண்டுக்கு முன் ஒரு வெள்ளோட்டம். மூடியின் உள்பக்கம் ஐந்தாறு இடத்தில் விளையாட்டுக் களிமண் உருண்டைகளை ஒட்டி, எல்லா போல்டும் போட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிளட்ச் பெடலை ஒருவர் மிதித்தபடி இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள், கிளட்ச் ஃபோர்க் நகரும் இடமும் தெரிந்துவிடும். கழற்றி, களிமண் நசுங்கிய இடத்தில் மிச்சமிருக்கும் பருமனை அளந்தால் அதுதான் உங்கள் இடைவெளி.

போல்ட் நீளத்தையும் இப்போதே பாருங்கள். பல ஹவுசிங்குகளில் இந்தத் துளைகள் உள்ளே ஊடுருவித் திறந்திருக்கும். 5 மி.மீ. நீளமான போல்ட் போட்டால் அதன் நுனி ரிங் கியரை உரசும். துளைக்குள் கம்பி விட்டு ஆழம் அளந்து, தகடும் வாஷரும் சேர்த்துக் கணக்குப் போட்டு வெட்டுங்கள். அலுமினியத்தில் மரைப் பிடி போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால் நல்லது. மரை போயிருந்தால் ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடுங்கள், பெரிய போல்டுக்குத் துளையைப் பெரிதாக்குவது கடைசி வழி.

பெயிண்டில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். பிசிறு எல்லாம் எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, எட்ச் பிரைமர், மேலே இரண்டு கோட்டு. துத்தநாக முலாம் போட வசதி இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. உள்பக்கம் வெளிர் நிறம் அடியுங்கள், அடுத்த முறை கழற்றும்போது எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வழிந்தது என்று தடம் அப்படியே தெரியும். பவுடர் கோட்டிங் தடிப்பானது, துளைகளும் ஓரமும் இறுகும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது எல்லா போல்டையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் வாஷர், மரையில் ஒரு சொட்டு நீல நிறப் பூட்டுப் பசை. எம்6 என்றால் அலுமினியத்தில் 8 நியூட்டன் மீட்டர் போதும், அது ஒரு சின்ன ஸ்பேனரைக் கையால் மிதமாக இறுக்கும் அளவுதான்.

பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட்டரை முதலில் பிளக் இல்லாமல் சுற்றவிட்டுக் காது கொடுங்கள். உரசல் இல்லை என்றால் பிளக் போட்டு எஞ்சினைக் கிளப்பி, மெதுவாக வேகம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். 100 கி.மீ. ஓட்டியபின் போல்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வடிகால் துளையின் நுனியை விரலால் தடவி முகருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர்பாக்ஸின் முன் சீல், வெறும் எஞ்சின் எண்ணெய் என்றால் கிராங்கின் பின் சீல். கியர்பாக்ஸிலும் எஞ்சின் எண்ணெயே ஊற்றும் வண்டி என்றால் மூக்கு உதவாது, மூடியைக் கழற்றி அந்த வெளிர் பெயிண்டில் தடம் பார்க்க வேண்டியதுதான்.